விசையை அளப்பதா, படலத்தையே அளப்பதா?

ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் 20 நானோமீட்டர் தடிமனில் நீர்ப் படலம் இருக்கிறது. அது அப்படியே கிடக்குமா, அல்லது எங்கோ ஓர் ஓட்டை விழுந்து துளிகளாகச் சுருங்கிவிடுமா? தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிப்பவருக்கும், சிலிக்கான் தகட்டைக் கழுவி உலர்த்துபவருக்கும், பாறையின் நுண்துளைக்குள் எண்ணெய்க்கும் கல்லுக்கும் நடுவில் நீர் தங்குமா என்று பார்ப்பவருக்கும் இதே கேள்விதான். இதற்குப் பதில் தேடுபவர் முதலில் தடுமாறும் இடம் கருவித் தேர்வு. வழிகள் நிறைய இருக்கின்றன, எல்லாமே 'பரப்பு விசையை அளக்கிறோம்' என்றுதான் சொல்கின்றன. ஆனால் அவை அளப்பது ஒரே பொருளை அல்ல.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி மிகச் சிறிய விசையை உணரும் என்று பார்த்துத் தேர்வு செய்வது பரவலான வழக்கம். அதைவிட இரண்டு கேள்விகள் முன்னால் வரவேண்டும் என்பது என் கருத்து. உங்கள் படலத்தின் மறுபக்கம் திடமா, காற்றா? நீங்கள் அறிய வேண்டியது படலம் நிற்கக்கூடிய தடிமன்களைப் பற்றியா, நிற்கவே முடியாத தடிமன்களைப் பற்றியா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், பட்டியலில் பாதிக் கருவிகள் தாமாகவே விலகிவிடும்.

படலம் போதுமான அளவு மெலிந்ததும் அதன் இரு பரப்புகளும் ஒன்றையொன்று உணரத் தொடங்குகின்றன. அப்போது படலத்தின் அழுத்தம், அதே திரவம் பெருமளவில் இருக்கும்போது உள்ள அழுத்தத்திலிருந்து மாறுபடுகிறது. போரிஸ் டெரியாகின் 1936-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவைப் பிரிப்பழுத்தம் என்று சொல்லலாம். நேர்க்குறி என்றால் பரப்புகள் விலகித் தள்ளப்படும், படலம் தடிக்கப் பார்க்கும். எதிர்க்குறி என்றால் மெலியப் பார்க்கும். மூலக்கூறுகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் வான் டெர் வால்ஸ் விசை மட்டும் செயல்படுவதாகவும், அதன் வலிமையைக் குறிக்கும் ஹமேக்கர் மாறிலி 10⁻²⁰ ஜூல் என்றும் வைத்துக் கணக்கிட்டால், 100 நானோமீட்டர் தடிமனில் இந்த அழுத்தம் அரை பாஸ்கல். 10 நானோமீட்டரில் சுமார் 530 பாஸ்கல், 1 நானோமீட்டரில் 5 லட்சத்துக்கும் மேல். தடிமனுக்கு எதிரே அழுத்தத்தைக் காட்டும் ஒரே வளைகோடு பத்து லட்சம் மடங்கு ஏறி இறங்குகிறது. அதன் மேல் மின் இரட்டை அடுக்கின் (மின்னூட்டம் பெற்ற பரப்பும் அதை ஒட்டித் திரளும் அயனிகளும்) தள்ளுதல் வேறு சேரும். அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உப்பின் அளவு தீர்மானிக்கிறது: லிட்டருக்கு 1 மில்லிமோல் சாதாரண உப்பு என்றால் சுமார் 10 நானோமீட்டர், 100 மில்லிமோல் என்றால் 1 நானோமீட்டர். இந்த முழு வளைகோட்டையும் ஒரே கருவியில் பார்த்துவிட முடியாது.

இரண்டு திடப் பரப்புகளுக்கு நடுவே

பரப்பு விசைக் கருவி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மைக்காத் தகடுகள் பொருத்திய கருவிதான். டேபரும் விண்டர்டனும் 1969-இல் காற்றில் செய்துகாட்டிய முறை அது. இஸ்ரேலாக்விலியும் ஆடம்ஸும் 1978-இல் அதைத் திரவத்துக்குள் கொண்டுவந்தார்கள். அணு அளவில் வழவழப்பான இரண்டு மைக்கா ஏடுகளின் பின்புறம் வெள்ளி பூசி, சுமார் 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு உருளைகளின் மேல் குறுக்காக ஒட்டி, ஒன்றை ஒன்று நெருங்கவைப்பார்கள். வெள்ளிப் படிவுகளுக்கு இடையே வெள்ளொளி திரும்பத் திரும்ப எதிரொளித்து உண்டாக்கும் குறுக்கீட்டுக் கோடுகளைக் கொண்டு, இடைவெளியை 0.1 நானோமீட்டர் வரை நேரடியாகவே சொல்லிவிடலாம். அந்த நேரடித் தூர அளவுதான் இந்தக் கருவியின் பெருமை. பரப்புகள் தொட்ட இடம் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அணு விசை நுண்ணோக்கி எனும் ஏ.எஃப்.எம். கருவியில் நிலைமை தலைகீழ். 1991-இல் டக்கரும் சென்டனும் பாஷ்லியும் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா உருண்டையை வளையும் நெம்புத் தகட்டின் நுனியில் ஒட்டி விசையை அளந்து காட்டினார்கள். அதன்பின் மைக்காவின் கட்டாயம் நீங்கியது. உலோகம், கண்ணாடி, பாலிமர், தாதுத் துண்டு என எதன் மேலும் அளக்கலாம். ஆனால் தூரம் நேரடியாகத் தெரியாது. நுனியும் தளமும் சேர்ந்து நகரத் தொடங்கும் இடத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொள்கிறோம். பரப்பில் ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள பிசின் ஒட்டியிருந்தால், அந்தப் பிசினின் மேல்முகம் சுழியமாகிவிடும், வளைகோட்டில் அது தெரியவே தெரியாது.

விசை நுணுக்கத்தில் ஏ.எஃப்.எம். வெகுதூரம் முன்னே இருப்பதாகத் தோன்றும். 10 நானோநியூட்டனை உணரும் மைக்காக் கருவிக்கு எதிரே பத்துப் பிகோநியூட்டனை உணரும் நுனி. இந்த ஒப்பீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. தளப் பரப்புகளுக்கு இடையிலான ஆற்றல் என்ற கணக்குக்கு வரும்போது, விசையை ஆரத்தால் வகுக்க வேண்டும். 1 சென்டிமீட்டர் ஆரத்தில் 10 நானோநியூட்டன் என்பது மீட்டருக்கு 0.001 மில்லிநியூட்டன். 5 மைக்ரோமீட்டர் ஆர உருண்டையில் 10 பிகோநியூட்டன் என்பது 0.002. அதாவது ஆயிரம் மடங்காகத் தெரிந்த வித்தியாசம் கரைந்து, பழைய கருவி சற்றே முன்னால் நிற்கிறது.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு, படலத்தின் நிலைப்பை அறிய வருபவர் அதை விட்டுவிடக் கூடாது. இவை அளப்பது திடம், திரவம், திடம் என்ற அடுக்கை. நம் படலமோ திடம், திரவம், காற்று. சிலிக்காவுக்கும் சிலிக்காவுக்கும் நடுவே நீர் இருந்தால் வான் டெர் வால்ஸ் விசை ஈர்க்கும். ஒரு பக்கச் சிலிக்காவை எடுத்துவிட்டுக் காற்றை வையுங்கள், அதே விசை தள்ளும். காற்று, நீர், சிலிக்கா என ஒளிவிலகல் எண் ஏறுவரிசையில் அமைவதுதான் காரணம். குறியே மாறிவிடுகிறது! இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஈர்ப்பை அளந்துவிட்டு, 'அதனால் கண்ணாடி மேல் உள்ள நீர்ப் படலம் கிழியும்' என்று முடிவுகட்டினால், அளவு சரி, முடிவு நேர் எதிர்.

நீர்வெறுக்கும் பரப்புகளின் வரலாறும் இங்கே எச்சரிக்கைதான். 1982-இல் இஸ்ரேலாக்விலியும் பாஷ்லியும் அத்தகைய பரப்புகளுக்கு இடையே சுமார் 10 நானோமீட்டர் எட்டும் ஈர்ப்பை அளந்தார்கள். பிறகு பல பத்து நானோமீட்டர் தொலைவுக்கும் நீளும் ஈர்ப்புகள் பதிவாயின. பார்க்கர், கிளேசன், அட்டார்டு ஆகியோர் 1994-இல் விசை வளைகோட்டில் படிகள் இருப்பதைக் கவனித்து, பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்குமிழிகள் பாலம் போடுவதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். 2001-இல் டிரெல்லும் அட்டார்டும் அக்குமிழிகளை ஏ.எஃப்.எம். படமாகவே எடுத்துக் காட்டினார்கள். நீண்ட தூர விசை என்று எண்ணப்பட்டதில் ஒரு பெரும்பங்கு, இரண்டு திடங்களுக்கு நடுவே காற்று சிக்கியதால் வந்தது.

முழு உள்ளொளி எதிரொளிப்பு நுண்ணோக்கி என்றொரு வழியும் இருக்கிறது. தளத்தின் மேல் மிதக்கும் உருண்டை வெப்பத்தால் நடுங்குவதைப் பார்த்து, அதன் நிலையாற்றலைக் கணக்கிடும் முறை. ஃபெம்டோநியூட்டன் அளவு விசைகளுக்கு இதற்கு நிகரில்லை. கூழ்மத் துகள் ஆய்வாளருக்கு அருமையானது, ஈரப் படலம் ஆராய்பவருக்குத் தேவைப்படாது.

குமிழியைத் தகட்டில் அழுத்துதல்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த முறைக்கு வருகிறேன். திரவத்துக்குள் தகட்டைக் கிடைமட்டமாக வைத்து, கீழிருந்து ஒரு காற்றுக் குமிழியை அதன் மேல் அழுத்துங்கள். குமிழி தட்டையாகும், நடுவில் ஒரு படலம் உருவாகும். டெரியாகினும் குஸ்ஸாகோவும் 1930-களிலேயே இப்படிச் செய்தார்கள். படலத்தின் மறுபக்கம் உண்மையான காற்று. அழுத்தத்தைக் குமிழியின் ஆரமே நிர்ணயிக்கிறது: நீரில் 1 மில்லிமீட்டர் ஆரக் குமிழிக்கு 144 பாஸ்கல், 0.1 மில்லிமீட்டருக்கு 1,440. படலம் நகராமல் நின்றுவிட்டால் அதன் பிரிப்பழுத்தம் இதற்குச் சமம். தடிமனை ஒளிக் குறுக்கீட்டால் அளந்தால், வளைகோட்டில் ஒரு புள்ளி கையில். இன்னும் அதிக அழுத்தம் வேண்டுமென்றால், நுண்துளைத் தட்டில் படலத்தைப் பிடித்துவைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றலாம். மைசல்ஸும் ஜோன்ஸும் 1966-இல் சோப்புப் படலங்களுக்குக் காட்டிய அந்த வழி, பல பத்துக் கிலோபாஸ்கல் வரை கொண்டுபோகும்.

சோப்புப் படல ஆய்விலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே படலம் மெலிய மெலியக் கறுக்கும். கண்ணாடி மேல் நீர், அதன் மேல் காற்று என்ற அடுக்கில் அது மெலிய மெலிய வெளிறும். 546 நானோமீட்டர் பச்சை ஒளியில் சுமார் 103 நானோமீட்டர் தடிமனில்தான் இருட்டு. இரண்டு எதிரொளிப்புகளும் ஒரே கட்டத்தில் சேர்வதால் இப்படி நடக்கிறது. இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. மெல்லிய கோடியில் ஒளிச்செறிவு மிக மெதுவாகவே மாறுகிறது: 10 நானோமீட்டர் படலம் இருப்பதற்கும் படலமே இல்லாததற்கும் எதிரொளிப்பில் வித்தியாசம் 2 சதவீதம்தான். ஆகவே 20 நானோமீட்டருக்குக் கீழே இந்த முறையின் எண்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. நிலையான ஒளிமூலம், இருட்டுப் பின்னணித் திருத்தம் இரண்டும் கட்டாயம்.

பொறுமையும் கட்டாயம். படலத்திலிருந்து திரவம் வடிய எடுக்கும் நேரம் படல ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், அழுத்தத்துக்கு ஏற்பக் குறையும். ரெனால்ட்ஸ் சமன்பாட்டின்படி, 0.1 மில்லிமீட்டர் ஆரப் படலம் 1,440 பாஸ்கலில் 50 நானோமீட்டருக்கு வடிய 2 விநாடி போதும். 0.5 மில்லிமீட்டர் ஆரப் படலம் 144 பாஸ்கலில் அதே தடிமனுக்கு வர ஏறத்தாழ 9 நிமிடம். பெரிய படலத்தில் இன்னொரு தொல்லை, ஓரம் முதலில் மெலிந்து நடுவில் திரவம் குளம்போலச் சிக்கிக்கொள்ளும். பிளாட்டிகனோவ் 1964-இல் இதை விரிவாக ஆராய்ந்தார். அந்தக் குளம் வடிந்து தீரும் முன் எடுத்த அளவைச் சமநிலை அளவு என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் எளிதில் நேரும் பிழை. சிறிய குமிழி, சிறிய படலம், நீண்ட காத்திருப்பு. இதுவே என் பரிந்துரை.

படலம் உடைகிறதா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை. 1972-இல் பிளேக்கும் கிட்சனரும் மீதைல் தொகுதிகள் ஏற்றி நீர்வெறுக்கும்படி செய்த சிலிக்காவின் மேல் உப்புநீர்ப் படலங்களை இப்படித்தான் பார்த்தார்கள். சுத்தமான சிலிக்காவில் நிற்கும் படலம் அங்கே பல பத்து நானோமீட்டர் தடிமனிலேயே உடைந்தது. உப்பைக் கூட்டி மின் தள்ளுதலை நசுக்கினால் இன்னும் மெலிந்த பிறகு உடைந்தது. உடையும் தடிமன், உடைய எடுத்த நேரம், உடைந்த இடம் மூன்றும் ஒரே ஒளிப்படத் தொடரில் கிடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைகிறதா? அப்படியானால் குற்றவாளி அந்த இடத்து அழுக்கோ கீறலோதான், பரப்பு விசையைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை எந்த நுணுக்கமும் தாண்ட முடியாது. தடிமன் கூடும்போது பிரிப்பழுத்தம் குறையும் பகுதிகளில் மட்டுமே படலம் நிலைத்து நிற்கும். அழுத்தம் கூடும் பகுதிகளில் அது நிற்காது, சட்டென்று தாவிவிடும். ஆகவே சமநிலைப் படலத்தை அளக்கும் எந்த முறையும் வளைகோட்டின் நிலையான கிளைகளை மட்டுமே காட்டும். ஏ.எஃப்.எம்.மும் இதற்கு விலக்கல்ல: விசையின் ஏற்றம் நெம்புத் தகட்டின் விறைப்பைத் தாண்டியதும் நுனி தாவிவிடும். 5 மைக்ரோமீட்டர் உருண்டை, மீட்டருக்கு 0.1 நியூட்டன் விறைப்பு, மேலே சொன்ன அதே ஹமேக்கர் மாறிலி என்றால், 5.5 நானோமீட்டருக்கு உள்ளே நெருங்கும் வழியில் எதுவும் தெரியாது. விறைப்பான தகட்டைப் போட்டால் இன்னும் உள்ளே போகலாம், விசை நுணுக்கம் அந்த அளவுக்குப் போய்விடும்.

ஏ.எஃப்.எம். நெம்புத் தகட்டின் நுனியில் உருண்டைக்குப் பதில் குமிழியையே வைத்து, கூடவே ஒளிக் குறுக்கீட்டால் படலத்தையும் படமெடுக்கும் கூட்டு முறை 2010-களில் நன்றாக வளர்ந்திருக்கிறது. நீர்வெறுக்கும் பரப்புக்கும் குமிழிக்கும் இடையிலான கூடுதல் ஈர்ப்பு சுமார் 1 நானோமீட்டரில் தேய்ந்துவிடுகிறது என்று அது காட்டியது. முன்பு பதிவான பெரும் தூரங்களோடு இதை வைத்துப் பாருங்கள். கருவியும் கணித மாதிரியும் கைவரப் பெற்ற குழுவுக்கு இதுவே ஆகச் சிறந்த தேர்வு. தொடக்கநிலையில் இருப்பவர் இதில் கைவைத்தால், குமிழியின் உருமாற்றத்தைக் கணக்கில் எடுப்பதற்குள் ஆண்டு ஓடிவிடும்.

ஆவியும் உயரமும்

10 நானோமீட்டருக்குக் கீழே படலத்தின் தடிமனை அறிய எலிப்சோமீட்டரே சிறந்தது. எதிரொளிக்கும் ஒளியின் தளவிளைவு (அதிர்வுத் திசை) மாற்றத்தை அது அளப்பதால், ஒளிச்செறிவு மங்கும் இடத்திலும் நானோமீட்டரின் சிறு பின்னங்களைச் சொல்கிறது. அழுத்தத்தை மாற்ற ஆவியைப் பயன்படுத்தலாம். சுற்றியுள்ள ஆவி முழுச் செறிவுக்குச் சற்றுக் கீழே இருந்தால், தகட்டின் மேல் படியும் படலத்தின் பிரிப்பழுத்தம் தானாகவே தீர்மானமாகிவிடும். பாஷ்லியும் கிட்சனரும் 1979-இல் குவார்ட்ஸின் மேல் நீர்ப் படலங்களை ஆவியிலிருந்து படியவைத்து ஆராய்ந்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் 99 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 14 லட்சம் பாஸ்கல். 99.9 சதவீதம் என்றாலும் 1.37 லட்சம். சில நூறு பாஸ்கல் அளவில் உள்ள தடித்த படலங்களைப் பார்க்க வேண்டுமானால், ஈரப்பதம் 100-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்க வேண்டும். நீராவி அழுத்தம் ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் மாறுவதால், 0.1 சதவீதப் பிழைக்கு 0.017 டிகிரி போதும். தகடு அறையைவிட அந்த அளவு குளிர்ந்திருந்தாலே முழுச் செறிவைத் தாண்டித் தகட்டில் நீர் கோத்துவிடும். ஆகவே ஆவி முறை மிக மெல்லிய, மிக இறுக்கமான படலங்களுக்கானது. குமிழி முறை நிற்கும் இடத்துக்குக் கீழே இது தொடங்குகிறது, இரண்டும் போட்டியாளர்கள் அல்ல.

தடித்த பக்கத்துக்கு எளிய மாற்று உயரம். திரவக் குளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே தகட்டில் ஏறி நிற்கும் நீர்ப் படலத்தின் பிரிப்பழுத்தம் 980 பாஸ்கல், அவ்வளவுதான். சபிஸ்கியும் ஆண்டர்சனும் 1973-இல் ஃபுளோரைடு படிகங்களின் பிளந்த முகங்களில் திரவ ஹீலியம் படலங்களை ஒலி அலைகளால் அளந்து, வான் டெர் வால்ஸ் விசையைக் கணக்கிடும் லிஃப்ஷிட்ஸ் கோட்பாட்டின் கணிப்போடு சில சதவீதத்துக்குள் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். தள்ளும் வான் டெர் வால்ஸ் விசைக்கு அந்த அளவு ஆணித்தரமான சான்று, ஒரு படலம் அமைதியாக நின்றதிலிருந்து கிடைத்தது.

கிழியவிட்டுப் பார்த்தல்

நிற்காத தடிமன்களை எப்படி அறிவது? படலத்தை அங்கேயே உருவாக்கி, அது கிழிவதைப் பார்ப்பதுதான் வழி. தகட்டை வேகமாகச் சுழற்றிப் பரப்பும் சுழற்சிப் பூச்சில், பாலிஸ்டைரீன் என்ற பாலிமரின் படலத்தைச் சிலிக்கான் தகட்டில் அமைத்து, சூடாக்கி இளகவைத்தால், அது ஓட்டை விழுந்து துளிகளாகும். ரைட்டர் 1992-இல் இதைச் செய்துகாட்டினார். நிலையற்ற தடிமனில் பரப்பின் நடுக்கங்களில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மட்டும் மற்றவற்றை முந்தி வளரும். அந்த அலைநீளத்தை அளந்தால், படலத்தின் ஆற்றல் வளைகோடு அந்தத் தடிமனில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது நேராகக் கிடைத்துவிடும். வான் டெர் வால்ஸ் மட்டும் என்றால் அலைநீளம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், ஹமேக்கர் மாறிலி 2 × 10⁻²⁰ ஜூல் என்று வைத்தால், 5 நானோமீட்டர் படலத்தில் அது 0.7 மைக்ரோமீட்டர், 10 நானோமீட்டரில் 2.7 மைக்ரோமீட்டர்.

சீமன், ஹெர்மிங்ஹவுஸ், ஜேக்கப்ஸ் ஆகிய மூவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியின் உச்சம் என்பேன். சிலிக்கான் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு அடுக்கைத் தடித்தும் மெலித்தும் வைத்துக்கொண்டு, பாலிஸ்டைரீன் படலங்களின் அலைநீளங்களிலிருந்து ஆற்றல் வளைகோட்டையே திரும்பக் கட்டினார்கள். ஆக்சைடு தடித்தால் படலம் எல்லா மெல்லிய தடிமன்களிலும் நிலையற்றது. மெலிந்தால் அடியிலுள்ள சிலிக்கானின் கை மேலே எட்டி, தடித்த படலங்களைத் தாங்கிப்பிடிக்கிறது. பரப்புக்குக் கீழே சில நானோமீட்டரில் என்ன இருக்கிறது என்பதும் படலத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. பூச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இதன் குறைகளும் சிறியவை அல்ல. ஓட்டைகள் எல்லாம் நிலையின்மையால் வருவதில்லை, தூசியும் ஓட்டை போடும். ஓட்டைகள் சீரான இடைவெளியில் அமைந்திருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று புள்ளியியலால் சோதித்த பிறகே அலைநீளத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டாவது, நேரம். அலை வளர எடுக்கும் நேரம் தடிமனின் ஐந்தாம் மடிக்கு ஏற்ப மாறுகிறது, தடிமன் இரட்டித்தால் 32 மடங்கு. பாகுநிலை 10,000 பாஸ்கல் விநாடி கொண்ட பாலிமர் 5 நானோமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 18 நிமிடம் தரும், உட்கார்ந்து பார்க்கலாம். ஈர்ப்பு ஆளும் ஒரு பரப்பின் மேல் 10 நானோமீட்டர் நீர்ப் படலமோ ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கில் போய்விடும். ஆகவே நீருக்கு இந்த வழி ஏறக்குறைய மூடியிருக்கிறது, பாலிமருக்கு இதுவே அரசபாட்டை.

யாருக்கு எது

நுரை மிதப்பு, கழுவி உலர்த்துதல், பாறை ஈரம் என நீர்க் கரைசலும் காற்றும் (அல்லது எண்ணெயும்) சம்பந்தப்பட்ட கேள்வி என்றால், குமிழியைத் தகட்டில் அழுத்தும் முறையில் தொடங்குங்கள். எண்ணெய் என்றால் குமிழிக்குப் பதில் எண்ணெய்த் துளி. ஒரு நல்ல நுண்ணோக்கி, ஒற்றை அலைநீள ஒளி, அதிராத மேசை, மிகச் சுத்தமான நீர் இருந்தால் போதும். உங்கள் சொந்தப் பரப்பின் மேல், உங்கள் சொந்தக் கரைசலில், படலம் உடைகிறதா இல்லையா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். உடைகிறது என்றால், ஏன் என்று அறிய ஏ.எஃப்.எம். வரட்டும். உருண்டை நுனியால் பரப்பின் மின்னழுத்தத்தை அளந்து, அதைப் படல மாதிரியில் போடுங்கள். திடம், திரவம், திடம் விசையை நேரடியாகப் படலத்துக்குப் பொருத்த வேண்டாம்.

பாலிமர்ப் பூச்சு என்றால் கிழியவிட்டுப் பார்ப்பதே போதும், வேறு கருவிக்கு அவசரமில்லை. உராய்வுப் பரப்புகளுக்கு இடையே சிக்கிய எண்ணெய் என்றால் மறுபக்கமும் திடம்தான், அங்கே மைக்காக் கருவியும் ஏ.எஃப்.எம்.மும் தங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. கோட்பாட்டைச் சோதிப்பதே நோக்கம் என்றால் மைக்காவை விடாதீர்கள். பரப்பைப் பற்றிய சந்தேகம் இல்லாமல் விசையைப் பற்றி மட்டும் வாதிடக் கிடைக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் வராது.

எந்த வழியில் போனாலும் தொடுகோணத்தை, அதாவது துளியின் ஓரம் தகட்டோடு அமைக்கும் கோணத்தை, ஒரு சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பழுத்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பளவும் அந்தத் திரவத்தின் தொடுகோணமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஃப்ரும்கினும் டெரியாகினும் நிறுவிய உறவு அது. நீர்த்துளி ஒரு தகட்டில் 10 டிகிரிக் கோணத்தில் நிற்கிறது என்றால், ஆற்றல் வளைகோட்டின் ஈர்ப்புப் பள்ளம் சதுர மீட்டருக்கு சுமார் 1.1 மில்லிஜூல் ஆழம் இருந்தாக வேண்டும். உங்கள் வளைகோடு முழுவதும் தள்ளுதல் என்று காட்டினால், அந்த ஈர்ப்பு நீங்கள் பார்க்காத தடிமனில் ஒளிந்திருக்கிறது, அல்லது துளி வைத்த தகடும் படலம் வைத்த தகடும் ஒரே மாதிரி சுத்தம் செய்யப்படவில்லை. இரண்டாவதை முதலில் சந்தேகியுங்கள்: அதே தகட்டை மறுபடி கழுவி, அதே மணிநேரத்துக்குள் துளியையும் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வளைகோட்டுக்குத் திரும்புங்கள்.